தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தீங்களா? குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டத்துல குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பா இருக்குற அதிகாரிகளுக்கும், இல்லங்களை ஆய்வு பண்ற குழுவுல இருக்குற ஐயா, அம்மா எல்லாருக்கும்,

உங்க ஆபீஸ்ல இருந்து போன ரெண்டு பக்க அறிக்கை வாட்ஸ்அப்ல சுத்தி சுத்தி எனக்கும் வந்துச்சு. மாவட்டத்துல இருக்குற எல்லா குழந்தைகள் இல்லமும் "ட்ராமா இன்ஃபார்ம்ட்" இல்லமா, அதாவது பிள்ளை மனசுல பட்ட காயத்தைப் புரிஞ்சு நடந்துக்குற இல்லமா மாறிடுச்சுன்னு அதுல போட்டிருக்கீங்க. ஆதாரம்னு காட்டினது, ஒரு நாள் ட்ரெய்னிங்குக்கு வந்தவங்க கையெழுத்து, ட்ரெய்னிங்குக்கு முன்னாடியும் பின்னாடியும் வச்ச டெஸ்ட்ல அவங்க வாங்கின மார்க், அப்புறம் ஒவ்வொரு இல்லத்துலயும் மனசு கலங்கின பிள்ளை போய் ஆறுதலா உக்கார்றதுக்குன்னு "அமைதி அறை" திறந்த போட்டோ. கடைசில ஒரு வரி. வேலை முடிஞ்சதால இதுக்குன்னு தனி கண்காணிப்பு இனி வேண்டாம், வழக்கமான காலாண்டு ஆய்வே போதும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுறேன்.

நான் காரைக்குடி பக்கத்து ஆளு. குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்னுல தொகுப்பூதியத்துல ஆற்றுப்படுத்துநரா, அதாவது கவுன்சிலரா, சில வருஷம் வேலை பாத்தவ. இப்ப காலேஜ்ல பாடம் எடுக்குறேன், லீவு நாள்ல கூப்பிடுற இல்லங்களுக்குப் போய் பிள்ளைங்களோட உக்காந்துட்டு வர்றேன். செட்டிநாடு சிவகங்கைலயும் புதுக்கோட்டைலயும் பரவிக் கிடக்கு, எந்த மாவட்டம், எந்த ஊரு, எந்த இல்லம்னு இங்க எழுதப் போறதில்ல. பிள்ளை யாருன்னு அடையாளம் தெரியுற மாதிரி வெளியிட்டா இளைஞர் நீதிச் சட்டம் 74வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அப்படி ஒரு பிரிவு இல்லன்னாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். உங்களுக்கு எந்த இல்லம்னு படிச்ச உடனே தெரியும், அது போதும்.

அமைதி அறையில இருந்தே ஆரம்பிக்கிறேன். நம்ம பக்கம் சில இல்லம், ஹாஸ்டல் எல்லாம் பழைய செட்டிநாட்டு வீட்டுல நடக்குது, பங்காளிங்க எல்லாம் வெளியூர்ல வெளிநாட்டுல செட்டில் ஆயிட்டாங்க, வீடு சும்மா கிடந்து ஓடு சரியுறதுக்கு யாராவது குடியிருந்தா சரின்னு கம்மி வாடகைக்குக் குடுத்துடுறாங்க. நான் சொல்ற வீட்டுல வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுத்தி உள்வீட்டு அறைங்க இருக்கு. அதுல ஒன்னுக்கு ஜன்னலே கிடையாது, அந்தக் காலத்துல பாத்திரம் பண்டம் சீர் சாமான் அடுக்குறதுக்குக் கட்டினது. ட்ரெய்னிங்குக்கு முன்னாடி சேட்டை பண்ற பசங்களை "போடா, போய் உள்ள உக்காரு"ன்னு தள்ளுறது அந்த ரூம்லதான். ட்ரெய்னிங் முடிஞ்சப்புறம் அதே ரூமுக்கு நீல பெயின்ட், சுவத்துல பட்டாம்பூச்சி, ரெண்டு திண்டு, வாசல்ல புது போர்டு. உங்க அறிக்கையில இருக்குற போட்டோ அதுதான். போட்டோவுல விழாதது என்னன்னா அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கு.

நான் போன அன்னைக்கு உள்ள ஒரு பையன் இருந்தான். சாப்பாட்டு நேரத்துல தட்டைத் தூக்கி வீசிட்டானாம். அங்க பிள்ளைங்களைப் பாத்துக்குற அம்மாகிட்ட, எதுக்கும்மா பூட்டி வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். "பூட்டல டீச்சர், தாழ்தான் போட்டிருக்கு, கொஞ்சம் அமைதியாகட்டும்னு"ன்னு அந்த அம்மா ரொம்ப சாதாரணமா சொன்னாங்க, சொல்லிட்டு எனக்கு டீ போடப் போயிட்டாங்க. நானே தாழை எடுத்துட்டு உள்ள போனா, அவன் திண்டுல உக்காரல, கதவு இடுக்குல வெளிச்சம் விழுற இடத்துல ஆத்தங்குடி தரைக் கல்லு மேல குத்த வச்சு உக்காந்திருந்தான், ஒரு கை கதவுலயே இருந்துச்சு. இந்தப் பையனை வீட்டுல எப்படி வச்சிருந்தாங்கன்னு அவன் ஃபைல்லயே இருக்கு, காலையில ரூம்ல போட்டுப் பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டு ராத்திரி வந்து திறப்பாங்க. அதை எழுதினது உங்க ஆபீஸ்தான். ஆனா அந்த ஃபைல் சூப்பிரண்டு ரூம் பீரோவுல இருக்கு, அவனோட ராப்பகலா இருக்குற அந்த அம்மா அதைப் பாத்ததே இல்ல, பாக்க அனுமதியும் இல்லையாம், ரகசியமாம்.

அந்த அம்மா மேல எனக்குக் கோபம் இல்ல. ட்ரெய்னிங் டெஸ்ட்ல அவங்க நல்ல மார்க். காலையில ஒரு தாள் குடுத்து, சாயங்காலம் அதே தாளைத் திருப்பிக் குடுத்து, நடுவுல ஸ்லைடுல பதிலையும் காட்டினா யாருக்குத்தான் மார்க் ஏறாது? சாயங்காலம் நாலு மணிக்கு ஞாபகம் இருக்குறதும், ஆறு மாசம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பிள்ளை அலறும்போது தானா கையில வர்றதும் வேற வேற. அதுவும் அந்தத் தாள்ல பேரு எழுதணும், இல்லத்துப் பேரு எழுதணும், சூப்பிரண்டு பக்கத்துல உக்காந்திருக்காங்க, "உங்கள் இல்லத்தில் குழந்தைகளை அடிப்பது உண்டா"ன்னு ஒரு கேள்வி. எந்தத் தொகுப்பூதியக்காரி ஆமான்னு டிக் அடிப்பா, சொல்லுங்க.

ஊழியர்கிட்ட கேக்குறதே தப்புன்னு நான் சொல்லல. ட்ராமா இன்ஃபார்ம்ட்ங்குற பேச்சு வளர்ந்த அமெரிக்காவுலயும் முதல்ல ஊழியர்கிட்டதான் கேட்டாங்க. மிச்சிகன்ல குழந்தை நல ஏஜென்சிகளுக்குன்னு ஒரு கேள்வித்தாள் பண்ணி 2012-ல வெளியிட்டாங்க, ஆபீஸோட கொள்கை மாறியிருக்கா, நடைமுறை மாறியிருக்கா, ஊழியருக்கு மனசு இருக்கான்னு அதுல கேள்வி. ஊழியரோட மனப்பாங்கை மட்டும் அளக்க 2016-ல ஆர்டிக்னு ஒரு கேள்வித்தாள் வந்துச்சு, 45 கேள்வி, 35 கேள்வி, 10 கேள்வின்னு மூணு சைஸ்ல. கனெக்டிகட் மாநிலத்துல குழந்தைகள் நலத் துறை முழுக்க இந்த மாற்றத்தைக் கொண்டு வந்தப்ப ஆரம்பத்துல ஊழியர்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி எடுத்துதான் ஒப்பிட்டாங்க. கவனிங்க, ரெண்டு வருஷம். அதோட நிக்காம பிள்ளைங்களுக்கு ஸ்கிரீனிங், கொள்கை மாற்றம்னு மத்ததையும் சேர்த்துப் பண்ணாங்க. நம்ம ஆளுங்க காலையில பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் ஒப்பிட்டுட்டு முடிச்சுட்டாங்க.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம ஊருக்கு ஒத்து வராதுன்னு ஒரு அதிகாரி என்கிட்ட சொன்னாரு. சரி சார், ஆனா அந்தப் பேரை அறிக்கைத் தலைப்புல போட்டது நான் இல்லையே. போட்டா அதுல என்ன இருக்குன்னும் படிக்கணும். சாம்சான்னு சொல்ற அமெரிக்க அரசு அமைப்பு 2014-ல இதுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு, அதுல அடிப்படையா நாலு விஷயம் சொல்றாங்க. பாதிப்பு எவ்வளவு பரவலா இருக்குன்னு புரிஞ்சுக்கணும், பிள்ளைகிட்டயும் ஊழியர்கிட்டயும் அதோட அறிகுறியை அடையாளம் காணணும், தெரிஞ்சுக்கிட்டதைக் கொள்கையிலயும் வேலையிலயும் கொண்டு வரணும், நாலாவதா நாமளே திரும்ப அந்தப் பிள்ளையைக் காயப்படுத்தாம பாத்துக்கணும். முதல் ரெண்டையும் கொஞ்சமாவது கேள்வித்தாள்ல பிடிக்கலாம். நாலாவதை ஊழியர்கிட்ட கேட்டு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? அது தெரியுறது பிள்ளைக்கு மட்டும்தான். உங்க ரெண்டு பக்க அறிக்கையில ஒரே ஒரு பிள்ளையோட வாய் வார்த்தை கூட இல்ல.

நம்ம ஊரு கணக்கு எழுதுறதுக்குப் பேர் போன ஊரு. பர்மாவுல கடை வச்சுட்டு பேரேடு, ஐந்தொகைன்னு ஒரு அணா பிசகாம எழுதின ஆளுங்க ஊருல, வரவுப் பக்கத்தை மட்டும் காட்டி கணக்கு முடிஞ்சுதுன்னு சொன்னா கணக்குப்பிள்ளையை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ட்ரெய்னிங் குடுத்தோம், போஸ்டர் ஒட்டினோம், பெயின்ட் அடிச்சோம், எல்லாம் நீங்க குடுத்தது. பிள்ளைக்கு என்ன போய்ச் சேர்ந்துச்சுங்குற பக்கம் காலியா இருக்கு.

அந்தப் பக்கத்தை எப்படி எழுதுறதுன்னு கேப்பீங்க. பெரிய ஆராய்ச்சி வேண்டாம். உங்க இல்லங்கள்ல ஏற்கனவே கிடக்குற ரெஜிஸ்டரைப் பிரிச்சா பாதி வந்துடும்.

ஒரு பொண்ணு. ராத்திரி சாப்பாட்டுல ரெண்டு இட்லியை எடுத்து கர்ச்சீப்ல சுத்தி தலகாணிக்கு அடியில வச்சுக்கும். காலையில எறும்பு மொய்க்கும், அடி விழும், மறுபடியும் வைக்கும். பல நாள் பட்டினி கிடந்த பிள்ளை அப்படித்தான் பண்ணும், சாப்பாடு நாளைக்கும் வரும்னு நம்பிக்கை வர்ற வரைக்கும் பண்ணும், இது ட்ரெய்னிங் ஸ்லைடுலயே இருக்கு. ஆனா ட்ரெய்னிங் முடிஞ்சு பல வாரம் கழிச்சும் அந்த இல்லத்து நடத்தைப் பதிவேட்டுல "திருட்டுப் பழக்கம் உண்டு, எச்சரிக்கப்பட்டது"ன்னு எழுதியிருக்கு. அந்தப் பொண்ணு நாளைக்கு வேற இல்லத்துக்கு மாறினா அந்த வரி அதுக்கு முன்னாடியே போய் அங்க உக்காந்திருக்கும். அதே வீட்டுல சமையல் பண்ற ஆச்சி, எந்த ட்ரெய்னிங்குக்கும் கூப்பிடாத ஆச்சி, ஒரு டப்பாவுல பொரி உருண்டை போட்டு அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்து "இது உன் டப்பா, தீந்தா என்கிட்ட வா"ன்னு சொல்லியிருக்காங்க. இட்லி ஒளிக்குறது கொஞ்சம் கொஞ்சமா நின்னு போச்சு. நீங்க தேடுற மாற்றம் அதுதான், உங்க அறிக்கையில ஆச்சி எந்தக் கட்டத்துலயும் வரல.

படுக்கையில ஒன்னுக்குப் போற பசங்க கதையும் அப்படித்தான். சுவத்துல "இது பாதுகாப்பான இடம்"னு போஸ்டர், கீழ விடியக்காலம் குழாயடியில எல்லாரும் பல் தேய்க்குற நேரத்துல அந்தப் பையன் மட்டும் ஈரப் பாயை அலசிட்டு நிக்கிறான். அவனுக்கு அந்த போஸ்டர் என்ன சொல்லியிருக்கும்?

அப்புறம் இந்த இடம் மாத்துறது. ஒரு பிள்ளையை ஒரு இல்லத்துல இருந்து இன்னொன்னுக்கு மாத்தும்போது அதுகிட்ட எப்ப சொல்றீங்கன்னு ஒரு தடவை கணக்கெடுங்க. எனக்குத் தெரிஞ்சு பாதிப் பிள்ளைங்களுக்கு வண்டி வந்து வாசல்ல நிக்கும்போதுதான் தெரியும், துணிக்கடைப் பையில ரெண்டு செட் துணி, அவ்வளவுதான். யார்கிட்டயும் போயிட்டு வர்றேன்னு சொல்ல நேரம் இருக்காது. வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்த அன்னைக்கு நடந்ததே திரும்ப நடக்குது, இந்தத் தடவை அரசாங்க ஆர்டரோட. முதல் நாளே தெரிஞ்ச பிள்ளை எத்தனை, புது இடத்தைப் போய் ஒரு தடவை பாத்துட்டு வந்த பிள்ளை எத்தனை, வருஷத்துக்கு எத்தனை பிள்ளை ஒரு தடவைக்கு மேல மாறுது, இதெல்லாம் டிரான்ஸ்பர் ஆர்டர் தேதியையும் பிள்ளை சொல்றதையும் வச்சே எண்ணலாம்.

நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறதும் எண்ணக்கூடியதுதான். 1098 ஹெல்ப்லைன்ல இருந்து வந்தவங்ககிட்ட ஒரு தடவை, போலீஸ்கிட்ட ஒரு தடவை, ஆஸ்பத்திரியில ஒரு தடவை, பிள்ளையை எங்க வைக்கிறதுன்னு முடிவெடுக்குற குழந்தைகள் நலக்குழு முன்னாடி, இல்லத்துல சேக்கும்போது சூப்பிரண்டுகிட்ட, அப்புறம் என்னை மாதிரி ஆற்றுப்படுத்துநர்கிட்ட, நடுவுல ஆள் மாறினா புது ஆளுகிட்ட முதல்ல இருந்து. போக்சோ சட்டம் 2012-லயே கோர்ட்டுல பிள்ளையைத் திரும்பத் திரும்ப சாட்சிக்குக் கூப்பிடக் கூடாதுன்னு இருக்கு, வாக்குமூலம் வாங்கப் போற போலீஸ் யூனிபார்ம்ல போகக்கூடாதுன்னு இருக்கு. இளைஞர் நீதிச் சட்டத்துக்கு 2016-ல போட்ட மாடல் விதிகள்ல நலக்குழு உக்காருற இடம் கோர்ட்டு மாதிரி இருக்கக்கூடாது, உறுப்பினருங்க மேடை மேல உக்காரக்கூடாதுன்னு வரைக்கும் எழுதியிருக்கு. இதுக்கெல்லாம் சாம்சா வேண்டாம், நம்ம சட்டமே சொல்லுது. இது நடக்குதா இல்லையான்னு ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம் போட்டா தெரிஞ்சுடும், யாரோட மனப்பாங்கையும் அளக்க வேண்டிய அவசியம் இல்ல.

ஆலோசனைப் பெட்டி விஷயம் ஒன்னு இருக்கு. அதே 2016 மாடல் விதிகள்ல, பெட்டி ஆபீஸ் ரூமுக்குத் தள்ளி பிள்ளைங்க தூங்குற பக்கம் இருக்கணும், சாவி மேலாண்மைக் குழு தலைவர்கிட்ட இருக்கணும், வாரா வாரம் பிள்ளைங்களோட குழு உறுப்பினருங்க முன்னாடி திறக்கணும்னு தெளிவா இருக்கு. நான் பாத்த இல்லங்கள்ல பெட்டி பெரும்பாலும் சூப்பிரண்டு மேஜைக்கு நேர் எதிர்ல தொங்குது, சாவி அவங்க டிராயர்லயே கிடக்கு, ஒரு இடத்துல பூட்டு துருப்பிடிச்சு சாவி போட்டாலும் திரும்பல. ஆனா மாசா மாசம் "புகார் எதுவும் இல்லை"ன்னு ரிப்போர்ட் மட்டும் போகுது, அதுக்கு உங்ககிட்ட பாராட்டும் கிடைக்குது.

எனக்குப் பெரிய பயமே இங்கதான். உண்மையாவே ஒரு இல்லம் மாற ஆரம்பிச்சா முதல்ல புகார் கூடும். பேசினா அடி விழாதுன்னு தெரிஞ்ச பிள்ளைதான் பேசும், மூணு வருஷமா வாயே திறக்காத பிள்ளை திடீர்னு சாப்பாடு சரியில்லன்னு சண்டை போடும், அழும், இதுவரைக்கும் யாரும் எழுதாத சம்பவத்தை எல்லாம் ஊழியருங்க எழுத ஆரம்பிப்பாங்க. எண்ணிக்கை ஏறுதுன்னு நீங்க மெமோ குடுத்தா அடுத்த மாசம் எல்லாம் சைபர் ஆயிடும், வாயை மூடிட்டாங்கன்னு அர்த்தம். ஓடிப் போற பிள்ளைங்க எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி மட்டும் டார்கெட் குடுத்தா ஈஸியா குறைச்சுடலாம், கேட்டுக்கு இன்னொரு பூட்டு போட்டா போதும். அதனால எந்த எண்ணையும் தனியா பாக்காதீங்க, பக்கத்துல பிள்ளைங்க சொன்னதையும் வச்சுப் பாருங்க.

காலாண்டு ஆய்வே போதும்னு எழுதியிருக்கீங்க இல்லையா, அதுக்கு வர்றேன். இளைஞர் நீதிச் சட்டம் 54வது பிரிவுல மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது, மூணு பேருக்குக் குறையாத குழு, அதுல ஒரு பொம்பளை, ஒரு டாக்டர் கண்டிப்பா இருக்கணும்னு இருக்கு. நல்ல ஏற்பாடுதான். நடக்குறது என்னன்னா, முதல் நாளே போன் வந்துடும், வீடு முழுக்க பினாயில் வாசம், பசங்களுக்கு இஸ்திரி போட்ட சட்டை, வாசல்ல வரவேற்புப் பாட்டு, அரிசி மூட்டை எண்ணி, பாத்ரூம் பாத்து, சிசிடிவி ஓடுதான்னு பாத்து, பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா?", "இருக்கோம் சார்", முடிஞ்சுது. சூப்பிரண்டு பக்கத்துல நிக்கும்போது வேற என்ன பதில் வரும்?

பீகார்ல முசாபர்பூர் இல்லத்துல பொண்ணுங்களுக்கு நடந்த பாலியல் கொடுமையை மறந்துடாதீங்க. டாடா சமூக அறிவியல் நிறுவனத்து ஆளுங்க சோசியல் ஆடிட்டுக்குப் போய், பிள்ளைங்களோட உக்காந்து பேசினதுனாலதான் 2018-ல அது வெளிய வந்துச்சு. 2020 ஜனவரியில டெல்லி கோர்ட் 19 பேரைக் குற்றவாளின்னு சொன்னப்ப, அந்த மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியும் நலக்குழுவுல இருந்தவங்களும் அதுல இருந்தாங்க. பாதுகாக்க வேண்டிய நாற்காலியில உக்காந்திருந்தவங்களே. நம்ம மாவட்டத்துல அப்படி நடக்குதுன்னு நான் சொல்லல, சத்தியமா சொல்லல. இல்லத்துக்குள்ள நடக்குறது வழக்கமான ஆய்வுல தானா வெளிய வந்துடும்னு நம்பாதீங்கன்னு மட்டும் சொல்றேன். நம்ம தமிழ்நாட்டு இல்லங்கள்ல நடந்த கொடுமையில இருந்து 2007-ல ஆரம்பிச்ச வழக்குலதான் சுப்ரீம் கோர்ட் 2017-ல நாடு முழுக்க உத்தரவு போட்டுச்சு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் இருக்கணும்னு அதுலயே சொல்லியிருக்கு. திட்டம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், அச்சடிச்ச மாதிரி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரி, "நன்றாகப் படிக்க ஊக்கப்படுத்த வேண்டும்". பூட்டி வச்ச பையனுக்கும் அதே வரிதான்.

இன்னொன்னு. அடுத்த கட்டமா ஒவ்வொரு பிள்ளைக்கும் "ட்ராமா ஸ்கோர்" போடப் போறதா கேள்விப்பட்டேன், பத்து கேள்வி, பத்துக்கு இத்தனைன்னு ஃபைல் அட்டையிலயே எழுதுவாங்களாம். தயவு செஞ்சு வேண்டாம். அந்தப் பத்து கேள்வி அமெரிக்காவுல சான் டியாகோவுல 1990கள்ல பதினேழாயிரத்துக்கு மேல பெரியவங்ககிட்ட கேட்ட ஆய்வுல இருந்து வந்தது, முதல் கட்டுரை 1998-ல வந்துச்சு. ஒரு பெரிய கூட்டத்துல சின்ன வயசுக் கஷ்டத்துக்கும் பின்னாடி வர்ற நோய்க்கும் என்ன சம்பந்தம்னு பாக்குறதுக்கு அது. தனி ஒரு ஆளுக்கு ஸ்கோர் போட்டு முடிவெடுக்க அதைப் பயன்படுத்தாதீங்கன்னு அந்த ஆய்வை நடத்தின ரெண்டு பேர்ல ஒருத்தரான ராபர்ட் ஆண்டாவே 2020-ல எழுதியிருக்காரு. நாலு வாங்கின பிள்ளையும் நாலு வாங்கின பிள்ளையும் ஒன்னு கிடையாது. நம்ம ஊர்ல அட்டையில எட்டுன்னு எழுதினா, அந்தப் பிள்ளையை எடுத்துக்க எந்தச் சித்தியும் பெரியம்மாவும் முன்னுக்கு வர மாட்டாங்க, ஸ்கூல்ல சேக்கும்போதே வாத்தியாருக்குத் தெரிஞ்சுடும். அளக்க வேண்டியது உங்க அமைப்பை, நீங்க பிள்ளையை அளக்கக் கிளம்புறீங்க.

ஊழியருங்களைப் பத்தியும் சொல்லணும், இல்லன்னா நியாயமா இருக்காது. ராத்திரி டியூட்டிக்கு ஒத்தப் பொம்பளை, சம்பளம் மாசக்கணக்குல நிக்கும், ஒரு பிள்ளை கையைக் கிழிச்சுக்கிட்டதைப் பாத்துட்டு மறுநாள் காலையிலயும் அதே ஆள்தான் கஞ்சி ஊத்தணும். யாரும் வருஷக்கணக்குல நிலைக்கிறதில்ல, நீங்க ட்ரெய்னிங் குடுத்தவங்கள்லயே எத்தனை பேர் இன்னும் வேலையில இருக்காங்கன்னு பாருங்க, அதுவே நல்ல அளவுகோல். பிள்ளை மெல்ல ஒரு முகத்தை நம்ப ஆரம்பிக்கும்போது அந்த முகம் சம்பளம் வரலன்னு திருப்பூருக்கு வேலைக்குப் போயிடுது.

இனி நான் கேக்குறதை நேராவே எழுதிடுறேன்.

முதல்ல, "மாறிடுச்சு, முடிஞ்சுது"ன்னு சொன்ன அறிக்கையை வாபஸ் வாங்குங்க, தனி கண்காணிப்பை நிறுத்துற முடிவையும் சேர்த்து. அதுக்குப் பதிலா "ட்ரெய்னிங் குடுத்திருக்கோம், மாற்றம் வந்துச்சான்னு இனிமேதான் பாக்கணும்"னு எழுதினா யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க.

எல்லா இல்லத்துலயும் அமைதி அறைன்னு காட்டின ரூமைப் போய்ப் பாருங்க, சொல்லாம போய்ப் பாருங்க. வெளிப்பக்கத் தாழ்ப்பாளை அன்னைக்கே கழட்டணும், ஜன்னல் இல்லாத ரூமா இருந்தா மூடணும், பிள்ளை தானா போய் தானா வெளிய வரலாம்னா மட்டும் அந்தப் பேரு இருக்கட்டும். இதுக்கு நிதி ஒதுக்கீடு, ஃபைல் எதுவும் வேண்டாம், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

இப்ப இருக்குற நிலைமையை ஒரு தடவை ஒழுங்கா பதிவு பண்ணுங்க, அது இல்லாம பின்னாடி எதோட ஒப்பிடுவீங்க? இடம் மாத்தினது, முன்கூட்டிச் சொன்னது, நடந்ததைச் சொல்ல வச்ச தடவை, அடைச்சு வச்சது, அடிச்சது, ஓடிப் போனது, ஊழியர் மாறினது, அப்புறம் நடத்தைப் பதிவேட்டுல என்ன எழுதுறாங்கங்குறது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வருஷத்துக்கு இதையே திரும்ப எடுங்க. எண்ணிக்கை ஏறினதுக்காக மட்டும் முதல் வருஷத்துல எந்த இல்லத்துக்கும் மெமோ குடுக்க மாட்டோம்னு எழுத்துல குடுங்க. பிள்ளை மேல கை வச்சா வேற, அதுக்கு சட்டப்படி உடனே நடவடிக்கை எடுக்கணும், அதுல தயவு தாட்சண்யம் வேண்டாம்.

பிள்ளைங்ககிட்ட கேளுங்க, ஆனா உங்க ஆளுங்க கேக்க வேண்டாம், இல்லத்து ஆளுங்களும் வேண்டாம். வெளியில இருந்து, இதுக்குன்னு பழகினவங்க, சூப்பிரண்டு இல்லாத இடத்துல, பேரு எழுதாம. பெங்களூர்ல நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில பிள்ளைங்க மனநலத்துக்குன்னே சம்வாத்னு ஒரு பிரிவு இருக்கு, அவங்ககிட்ட வழி கேக்கலாம். பிள்ளைங்ககிட்ட பழைய கதையைக் கிளற வேண்டாம், இங்க உனக்கு யாரையாவது பிடிக்குமா, ராத்திரி பயமா இருந்தா யாரை எழுப்புவ, தப்பு பண்ணா என்ன ஆகும், நீ சொல்லி இங்க ஏதாவது மாறியிருக்கா, இப்படி நாலு கேள்வி போதும். இல்லத்தை விட்டு 18 வயசுல வெளிய போனவங்களையும் கூப்பிடுங்க. காரைக்குடியில, தேவகோட்டையில கடையிலயும் ஒர்க்‌ஷாப்லயும் வேலை பாத்துட்டு நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு இனி பயப்பட ஒன்னும் இல்ல, பொட்டுல அடிச்ச மாதிரி சொல்லுவாங்க. கேள்வித்தாள் எழுதும்போதே அவங்களை உக்கார வைங்க.

ஆலோசனைப் பெட்டியை விதியில சொன்ன இடத்துக்கு மாத்துங்க, சாவியை இல்லத்துல இருந்து எடுங்க. பராமரிப்புத் திட்டத்துல அந்தப் பிள்ளைக்கு எது பயம், எது ஆறுதல்னு நாலு வரி இருக்கணும், அந்த நாலு வரியை மட்டுமாவது ராப்பகலா கூட இருக்குற அம்மாவும் சமையல் ஆச்சியும் தெரிஞ்சு வச்சிருக்கணும், மத்ததெல்லாம் பீரோவுலயே இருக்கட்டும். அடுத்த ட்ரெய்னிங்குக்கு ஆச்சிங்களையும் வாட்ச்மேனையும் கூப்பிடுங்க. பத்துக்கு இத்தனைன்னு பிள்ளைக்கு மார்க் போடுற யோசனையைக் கைவிடுங்க. ஊழியர் சம்பளம் எந்த மாசம் எந்தத் தேதியில வந்துச்சுங்குறதையும் இதே கணக்குல ஒரு கட்டமா சேருங்க.

கடைசியா, இந்த மடலுக்கு எழுத்துல பதில் வேணும். ட்ரெய்னிங் டெஸ்ட்ல என்ன கேள்வி கேட்டீங்க, மார்க் எப்படிக் கூட்டினீங்க, முடிவை எந்தக் கூட்டத்துல யார் எடுத்தாங்கங்குறதும் அதுல இருக்கணும். ஊழியர் பேரு, பிள்ளை பேரு எதுவும் எனக்கு வேண்டாம். ஒரு மாசத்துக்குள்ள வரலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுவேன், மனுவை ஏற்கனவே எழுதி வச்சாச்சு. நேர்ல கூப்பிட்டாலும் வர்றேன், ஆனா கூட்டத்துக்கு இல்லத்துல இருந்து வெளிய வந்த பசங்க ரெண்டு பேரையாவது கூட்டிட்டு வருவேன், அவங்களுக்கும் நாற்காலி போட்டு வைங்க.

இப்படிக்கு,
காரைக்குடி பக்கத்துல இருந்து ஒரு முன்னாள் ஆற்றுப்படுத்துநர்